காமாலைச் சான்றிதழும் சம்மாட்டியின் கணக்கு நோட்டும்

போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு பையன் வாட்ஸ்அப்பில் வந்தான். என் அத்தை மகனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனாம். "அண்ணே, உங்கள காலேஜ்ல பேர எடுத்துட்டுத் திரும்பச் சேத்துக்கிட்டாங்களாமே, அந்த லெட்டர அனுப்புங்கண்ணே, பேர மட்டும் மாத்திக்கிறேன்" என்றான். நான் அனுப்பவில்லை. திமிரெல்லாம் இல்லை. பேரை மட்டும் மாற்றிய ஒரு லெட்டரை நம்பித்தான் நான் முதல் தடவை கவிழ்ந்தேன். அதைப் போனில் சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு தங்கச்சிமடம். கல்லூரி பஸ்ஸில் போய் வரும் தூரம், பெயர் வேண்டாம். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. 2022 டிசம்பரில் நிறுத்தியது, புதுப் பாலம் திறந்து 2025 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது. அதனால் தீவிலிருந்து எங்கே போவதென்றாலும் பஸ்தான். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் போனேன், ஆனால் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல முடியாது, அஞ்சு அரியர் வைத்தேன். அதற்குக் கடலும் காரணமில்லை, குடும்பமும் காரணமில்லை. தமிழ் மீடியத்திலிருந்து போனவனுக்கு கணக்கு வாத்தியார் இங்கிலீஷில் வேகமாக ஓட்டினார், எனக்கும் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம், மூன்றாவது செமஸ்டர். அப்பா ஒரு விசைப்படகில் வேலை பார்த்தார். செப்டம்பர் வாக்கில் ஒரு நாள் ராத்திரி வலை மடியை மேலே இழுக்கும்போது வின்ச் ரோப்பில் வலது கை சிக்கி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலைப் பாதி எடுத்துவிட்டார்கள். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், அப்பா வாங்கியிருந்த அட்வான்ஸ் 40,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் அட்வான்ஸ் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பணத்தை அடைக்காமல் வேறு படகிலும் ஏற முடியாது, சும்மா வீட்டிலும் உட்கார முடியாது. சம்மாட்டி கெட்டவர் இல்லை, வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தார், ஹார்லிக்ஸ் கொண்டு வந்தார். போகும்போது வாசலில் என்னைப் பார்த்து "தம்பி, கை பழகுற வரைக்கும் நீ வாயேன்" என்றார். நான் போனேன்.

ராமேஸ்வரம் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும், திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிப் புறப்பட்டால் மறுநாள் காலை கரை. வந்தவுடன் வீட்டுக்குப் போய்விட முடியாது, இறாலைப் பிரிக்க வேண்டும், நண்டு, கணவாய் தனியாக, மீதி சங்காயம் தனியாகக் கூடையில். முடிய மத்தியானம் ஆகிவிடும். விரலெல்லாம் முள் குத்தி உப்பு ஏறி, பேனா பிடித்தால் எரியும். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரும் கணக்குக்கு இது தேவை.

செமஸ்டர் முடியும்போது என் வருகை 58 சதவீதம். எங்கள் கல்லூரியில் 75 இருந்தால் பரீட்சை எழுதலாம். 65-லிருந்து 75-க்குள் என்றால் மருத்துவக் காரணம் காட்டிப் பணம் கட்டிக் கண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும், டீட்டெய்ன். அண்ணா பல்கலைக்கழகத்தின் விதியிலும் இதே கணக்குதான். இது மட்டுமாக இருந்தால் ஒரு வருஷம் போச்சு என்று தலையெழுத்தை நொந்துகொண்டு இருந்திருப்பேன். ஆனால் எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, அவர்களே எழுதிக்கொண்ட இன்னொரு விதியும் இருந்தது. மூன்று செமஸ்டர் முடிவில், பாஸ் ஆன பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் இத்தனையாவது சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம் என்று. அஞ்சு அரியரும் எழுதாத ஒரு செமஸ்டரும் சேர்ந்து நான் அதில் விழுந்தேன்.

பதிவுத் தபால் வந்த அன்று நான் கடலில். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி டிரம் மேல் வைத்துவிட்டாள், மறந்தும் போனாள். நான் பிரித்தபோது மூன்று நாள் கழிந்திருந்தது. இங்கிலீஷில் முக்கால் பக்கம். கடைசி வரியில் கடிதத் தேதியிலிருந்து பத்து வேலை நாளுக்குள் முதல்வருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. பையா, இதைக் கவனி: கைக்கு வந்த தேதியிலிருந்து இல்லை, கடிதத் தேதியிலிருந்து. எனக்கு மிச்சம் இருந்தது அஞ்சு நாள்.

அந்த அஞ்சு நாளில் ஆளாளுக்கு ஒரு யோசனை. மாமா ஒருவர், "சும்மா இரு, கவர்மெண்டே ஆல் பாஸ் போடும்" என்றார். 2020 ஆகஸ்ட்டில் கொரோனா சமயத்தில் அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாரும் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது அவர் மனதில் அப்படியே நிற்கிறது. அதைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எதிர்த்ததும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னொரு சீனியர் அண்ணன்தான் அந்த லெட்டரை அனுப்பினார். ஏற்கெனவே ரெண்டு மூன்று பேர் கை மாறி வந்தது. 'மிகுந்த தாழ்மையுடன்' என்று ஆரம்பித்து, ஏழைக் குடும்பம், ஒரே மகன் (எனக்கு அக்கா இருக்கிறாள்), கடும் மஞ்சள் காமாலை, தயவுகூர்ந்து தேர்வு எழுத அனுமதிக்கவும் என்று முடியும். கூடவே காமாலைக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ். எங்கே வாங்கினேன் என்று எழுத மாட்டேன். 30 நாள் படுக்கையில் ஓய்வு என்று அதில் இருந்தது.

முதல்வர் அறையில் நாலு பேர். எங்கள் துறைத் தலைவரான எச்ஓடி மேடம் சான்றிதழை ஒரு தடவை பார்த்தார், பக்கத்தில் இருந்த ஃபைலைத் திறந்தார், ஒரு விடைத்தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர். தேதி ஒரு வெள்ளிக்கிழமை, சான்றிதழ்படி நான் படுத்த படுக்கையாக இருந்த பன்னிரண்டாம் நாள். "காமாலையோட வந்து 17 மார்க் எடுத்திருக்கியே, பரவாயில்லையே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் 'மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்தச் சான்றிதழ் நிஜமாகவே இருந்திருந்தாலும் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கண்டொனேஷன் 65-க்கு மேலேதான், நான் 58. பரீட்சை எழுத விட முதல்வருக்கே அதிகாரம் கிடையாது. விதிப் புத்தகத்தை நாலு பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நானும் புரட்டவில்லை, அந்த லெட்டரை எனக்கு முன்னால் அனுப்பியவர்களும் புரட்டியிருக்க மாட்டார்கள். எனக்கு எதிராக இரண்டு முடிவு இருந்தது. டீட்டெய்ன் என்பது சதவீதக் கணக்கு, யார் அழுதாலும் மாறாது. பெயர் நீக்கம் என்பது 'நீக்கலாம்' என்று எழுதிய விதி, அதாவது நாலு பேர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு, அதை மாற்றக் கேட்கலாம். நான் மாறாததை மாற்றச் சொல்லிப் பொய்ச் சான்று வைத்தேன், மாறக்கூடியதைக் கேட்கவே இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தது வக்கீல் இல்லை, அம்மா. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்தோடு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துக்கு எத்தனையோ தடவை போனவள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும்போது வனத்துறை மறித்ததற்கு ஒன்று, வட்டி மானியம் வராததற்கு ஒன்று என்று கொடுத்த மனுக்களின் ரசீதையெல்லாம் ஒரு துணிக்கடைக் கவரில் வைத்திருக்கிறாள், எது எந்தத் தேதி என்று பார்க்காமலே சொல்வாள். நிராகரித்த கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும், "நீ என்ன எழுதிக் குடுத்த?" என்று கேட்டாள். சொன்னேன். "நாங்க மொத மனுவுல இப்படித்தான் அழுது எழுதுனோம், அத எவனும் படிக்கல. எந்தத் தேதியில என்ன நடந்துச்சு, இப்ப எங்களுக்கு என்ன வேணும்னு எழுதுனப்பதான் ஒரு ஆபீசர் ஒக்கார வச்சுப் பேசுனாரு. நீ தேதி போட்டியா?" என்றாள். தேதியெல்லாம் இருந்தது, பொய்த் தேதி என்று சொன்னேன். கரண்டியாலேயே ஒன்று வைத்தாள். 21 வயசில் கரண்டி அடி வாங்கியதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் கல்லூரி ஆபீசில் வருகைப் பதிவு பிரின்ட் அவுட் கேட்டு வாங்கினேன். 90 வேலை நாள், வந்தது 52, வராதது 38. வந்தால் பி, வராவிட்டால் ஏ. முதல் ஏழு வாரம் முழுக்க பி, பி, பி. அப்புறம் திங்கள் செவ்வாய் ஏ ஏ, புதன் வியாழன் ஏ ஏ, வெள்ளி பி. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். பாயில் விரித்து வைத்துப் பார்த்தால் வலைக்கண் மாதிரி ஒரே அளவில் ஓடுகிறது. ஒரு செமஸ்டர் முழுக்க யாராவது ஒரு வாத்தியார் இதைச் சேர்த்துப் பார்த்திருந்தால், இவன் விசைப்படகுக்குப் போகிறான் என்று சொல்லியிருக்கலாம். பார்க்க யாருக்கு நேரம்.

நேராகச் சம்மாட்டி வீட்டுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை அண்ணன் நோட்டைக் கொடுக்கவே யோசித்தார், இன்கம்டாக்ஸ்காரன் கையில் போய்விடும் என்ற பயம். என் பங்கு எழுதிய பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ள விட்டார். தேதி, டீசல், ஐஸ், இறால் இத்தனை கிலோ, அதற்குக் கீழே ஆள் பேரும் பங்கும், என் பேருக்கு நேராக 'அட்வான்சில் கழிவு 500'. திங்கள் புதன் கிழமைகளில் நான் போன நடை 18. ஒரு நடைக்குக் கல்லூரியில் இரண்டு நாள் போகும், ஆக 36. காற்று எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று படகு போகாத நாட்களில் கல்லூரிக்குப் போயிருந்தேன். மிச்சம் இரண்டு நாள். ஒன்று அப்பாவுக்குத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரி போனது, ஓபி சீட்டு இருந்தது. இன்னொன்றுக்கு எவ்வளவு யோசித்தும் காரணம் இல்லை, தூங்கியிருப்பேன். மனுவில் 'ஒரு நாளுக்குக் காரணம் இல்லை' என்றே எழுதினேன்.

மறுபடி யாரிடம் கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. முதல்வர் ஏற்கெனவே முடியாது என்றுவிட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023-ல் கொண்டு வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மனு கிடைத்து 15 வேலை நாளுக்குள் அது தன் பரிந்துரையைத் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு போகலாம். சும்மா மார்க் பத்தவில்லை, பேப்பரை மறுபடி திருத்துங்கள் என்று அவரிடம் போனால் எடுக்க மாட்டார், குறிப்பான முறைகேடு நடந்து முடிவே மாறியிருந்தாலோ, பாகுபாடு காட்டியிருந்தாலோதான். எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இந்தக் குழு பற்றி ஒரு மஞ்சள் பூத்த தாள் இருந்தது, ஒன்றரை வருஷமாக அதன் கீழேதான் நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கோர்ட்டுக்குப் போ என்றும் சிலர் சொன்னார்கள். 2015-ல் ரூர்க்கி ஐஐடி முதல் வருஷத்தில் சராசரி மதிப்பெண் (சிஜிபிஏ) 5 எடுக்காத எழுபதுக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பியது. நைனிடால் உயர் நீதிமன்றத்துக்குப் போயும் வழக்கு நிற்கவில்லை. கடைசியில் அந்த நிறுவனமே மனசு மாறி முதல் வருஷத்தைத் திரும்பப் படிக்க விட்டது. படிப்பு விஷயத்தில் கோர்ட் லேசில் கை வைக்காது, உள்ளே இருக்கிற நாலு பேரைத்தான் நம்ப வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வக்கீல் ஃபீஸுக்கும் வழி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனு ஒன்றே கால் பக்கம், தமிழில். முதல் வரி: 'என் முந்தைய மேல்முறையீட்டோடு வைத்த மருத்துவச் சான்றிதழ் உண்மையானது அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன்.' இதை எழுத எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. இதற்காகவே தனியாக நடவடிக்கை எடுக்கலாம் என்று தெரியும். ஆனால் அந்தப் பேப்பர் ஃபைலில் இருக்கும்வரை நான் அடுத்து சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் 38 நாள் அட்டவணை, நோட்டின் நகல், ஓபி சீட்டு. பரீட்சை எழுத அனுமதி கேட்கவில்லை, டீட்டெய்னை ஏற்றுக்கொள்கிறேன், பெயரை மட்டும் பதிவேட்டில் வைத்து மூன்றாவது செமஸ்டரைத் திரும்பப் படிக்க விடுங்கள் என்று கேட்டேன். பெயர் நீக்கும் முன் மாணவனையும் பெற்றோரையும் அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது, எங்களை யாரும் கூப்பிடவில்லை. அதை இரண்டே வரியில் எழுதினேன், சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல். அந்த இரண்டு வரிதான் அவர்களை உட்கார வைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசிப் பகுதிதான் கஷ்டம், இனிமேல் என்ன மாறும் என்பது. இனி ஒழுங்காகப் படிப்பேன் என்று எழுதினால் எவன் நம்புவான், போன செமஸ்டரும் அப்படித்தானே சொல்லியிருப்பான் என்று தோன்றும். அட்வான்சில் பாக்கி 26,000. அம்மா சங்கத்தில் 20,000 கடன் எடுத்தாள், அக்கா தோட்டை அடகு வைத்து 6,000. பணத்தைக் கொடுத்துவிட்டுச் சம்மாட்டியிடம் ஒரு கடிதம் கேட்டேன். டீசல் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: 'இவன் கணக்கில் பாக்கி இல்லை. இனிமேல் என் படகில் ஏத்த மாட்டேன்.' கீழே படகு நம்பர், கையெழுத்து. அப்பா ஒரு கையும் மூன்று விரலுமாகக் கரையில் வலை முடையப் பழகிவிட்டார், அதையும் எழுதினேன். அஞ்சு அரியரில் எதை எந்தப் பரீட்சையில் எழுதுவேன் என்று ஒரு வரிசை.

விசாரணை பன்னிரண்டு நிமிஷம். நாலைந்து பேராசிரியர்கள், ஓரத்தில் ஒரு மாணவர் பிரதிநிதி, அதே எச்ஓடி மேடமும் கூப்பிடப்பட்டு வந்திருந்தார். அம்மா வாசலில் பெஞ்சில் கவரோடு உட்கார்ந்திருந்தாள். தலைவராக இருந்த சார் அட்டவணையை விரலால் ஒவ்வொரு வரியாக நோட்டு நகலோடு ஒத்துப் பார்த்தார், நாலைந்து தேதிகளுக்கு மேல் போகவில்லை. மேடம் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சங்காயம்னா என்ன?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு ஆகாத பொடி மீன் மேடம், அரைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும் என்றேன். தலையாட்டினார்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று சார் கேட்டார்.

"கடலுக்குப் போனேன்னு சொன்னா காரணமா எடுத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"எடுத்துக்க மாட்டோம்தான், விதியில இல்ல. ஆனா நம்பியிருப்போம்ல" என்றார். அப்புறம் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே, இவன் இனிமேல் படகுக்குப் போனால் நானே வந்து சொல்கிறேன் என்றாள்.

ஆணை பதினோராம் நாள் வந்தது. பெயர் நீக்கம் ரத்து. மூன்றாவது செமஸ்டர் அடுத்த ஜூலையிலிருந்து திரும்ப. மாதாமாதம் 80 சதவீத வருகைக்கு மென்டர் (என்னைக் கவனிக்கும் ஆசிரியர்) கையெழுத்து, இரண்டு பரீட்சைக்குள் மூன்று அரியராவது முடிக்க வேண்டும், பொய்ச் சான்றிதழுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, இன்னொரு தடவை நடந்தால் மேல்முறையீடே கிடையாது. எச்சரிக்கை என் ஃபைலில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

அந்த வருஷம் ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம் ஆரம்பித்து ஜூன் 14 வரை 61 நாள் படகெல்லாம் கட்டிக் கிடந்தது. கூப்பிட ஆளில்லை, அந்த நாட்களில்தான் முதல் இரண்டு அரியரை எழுதி முடித்தேன். அடுத்து இரண்டு. கணக்கு இரண்டாம் தாள் மட்டும் இன்னும் நிற்கிறது. போன தடவை 41, ஃபோட்டோகாப்பி வாங்கிப் பார்த்தேன், திருத்தியது சரிதான், நான் போட்டதுதான் தப்பு.

பாம்பன் பையனிடம் லெட்டருக்குப் பதிலாக மூன்று பொருள் கேட்டிருக்கிறேன்: வருகை பிரின்ட் அவுட், அவன் கல்லூரி விதிப் புத்தகம், வந்த கடிதத்தின் உறை. உறை எதுக்குண்ணே என்றான். தபால் முத்திரையில் தேதி இருக்கும், கடிதத்தில் ஒரு தேதி போட்டு நாலு நாள் கழித்து அனுப்பியிருந்தால் அதையும் சொல்லிக் கூடுதல் நாள் கேட்கலாம் என்றேன். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டானாம். குப்பையில் தேடிக்கொண்டிருக்கிறான்.